மடக்குக் கத்தி செய்யும் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துக் கூரைத்தான் சோதிப்பார்கள். நான் முதலில் ஆணியைப் பார்ப்பேன். கூர் மழுங்கினால் கல்லில் தீட்டிக் கால் மணி நேரத்தில் மீட்டுவிடலாம். அலகையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை ஆணி சரியாக அடிக்கப்படாவிட்டால், எவ்வளவு உயர்ந்த எஃகில் செய்த கத்தியும் ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். ஆணி அடிக்கும் வேலையைக் கடையில் பார்க்க முடியாது. பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நல்ல கத்திக்கும் பளபளப்பான கத்திக்கும் உள்ள வேறுபாடு கையில் புரியும். அந்தப் பார்வையை உங்களுக்கும் கொடுக்கவே இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள். தென்னையும் பனையும் நெல்லும் மாவும் கலந்த பூமி. கள் இறக்குகிறவருக்குப் பாளை சீவும் கத்தி வேண்டும். முதலமடை மாந்தோப்புகளுக்கு நாற்று வளர்ப்பவருக்கு ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தி வேண்டும். பெரியவர்களின் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடக்குக் கத்தி கிடக்கும். இத்தனை தேவை இருப்பதால்தான் இங்கே கொல்லன் பட்டறைகள் இன்னும் புகைகின்றன.

எந்தப் பட்டறைக்கு, எப்போது போவது

கிராமத்துப் பட்டறையில் மடக்குக் கத்திகள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே அன்றாடம் நடப்பது அரிவாள், மண்வெட்டி, கொடுவாள், கடப்பாரை முனை வேலைகள். மடக்குக் கத்தியைச் சொல்லிச் செய்ய வேண்டும். எல்லோரும் செய்யமாட்டார்கள். ஆகவே பட்டறையைத் தேடுவதற்கு முன் கத்தி வைத்திருப்பவரைத் தேடுங்கள். சந்தையில் வெற்றிலை விற்பவர், நாற்றுப்பண்ணைக்காரர், பனை ஏறுகிறவர் ஆகிய மூவரிடமும் "இதை எங்கே அடித்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தின் நல்ல கைகளெல்லாம் தெரிந்துவிடும். விளம்பரப் பலகையைவிட இந்த விசாரணை நம்பகமானது.

நெல் அறுவடைக்கு முந்திய வாரங்களில் போகாதீர்கள். தீட்டவும் பல்வைக்கவும் வந்த அரிவாள்கள் வாசலில் குவிந்திருக்கும். உங்கள் ஆசைக்கு நேரம் ஒதுக்க யாராலும் முடியாது. அமாவாசையன்று பல பட்டறைகளில் உலை மூட்டமாட்டார்கள். ஆயுத பூஜையன்று கருவிகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வில் இருக்கும். மற்ற நாள்களில் காலை வேளைதான் உகந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே காய்ச்சி அடிக்கும் வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் அரம் போடும் வேலைக்கு உட்காருவது இங்குள்ள வழக்கம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதை வசதியானது. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று இந்தப் பகுதியை ஒட்டியே போகிறது. இறங்கிய இடத்திலிருந்து பஸ் பிடித்து ஊருக்குள் போகலாம்.

உள்ளே நுழையும் முறை

பருத்தி உடையும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். தீப்பொறி பட்டால் நைலான் உடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளை அழைத்துப் போனால் சம்மட்டி வீச்சுக்கு வெளியே நிறுத்துங்கள். உலையின் வெண்மையான நடுப்பகுதியை உற்றுப் பார்க்கக் கூடாது.

பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்) மேல் உட்காருவதும் கருவிகளைத் தாண்டிப் போவதும் இங்கே பெரிய அவமரியாதை. சுத்தியலைத் தூக்கிப் பார்க்க ஆசை இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். படம் எடுப்பதும் அப்படியே. வேலை செய்பவர் தமிழர் என்றால் வயதைப் பார்த்து 'ஐயா' அல்லது 'அண்ணா', மலையாளி என்றால் 'சேட்டா' போதும். சாதிப் பெயரைச் சொல்லி அழைக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. காய்ச்சிய இரும்பு பட்டடையில் இருக்கும்போது எதுவும் கேட்காதீர்கள். இரும்பு சூடாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. கேள்விகளை எல்லாம் அது மறுபடி உலைக்குள் போன பிறகு கேட்கலாம்.

என்ன கத்தி கேட்பது

மடக்குக் கத்திகளில் பல வகை உண்டு. பட்டறையில் சொல்லிச் செய்வதற்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய வகையைத்தான்: ஒரு அலகு, ஒரு பிடி, ஒரு ஆணி. வில் கிடையாது, பூட்டு கிடையாது. ஆணியின் இறுக்கம் மட்டுமே அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துகிறது. அலகின் அடியில் ஒரு சிறு வால் விட்டிருப்பார்கள். திறந்ததும் அந்த வால் பிடியின் முதுகில் வந்து படியும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வெட்டினால் அலகு மடங்காது. வாலை அழுத்தாமல் முனையால் குத்தும் வேலைக்கு இந்தக் கத்தியைப் பயன்படுத்தவே கூடாது. விரல் போய்விடும்.

அடுத்தது முதுகில் வில் வைத்த வகை. பிடிக்குள் படுத்திருக்கும் ஒரு எஃகுப் பட்டை அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். திறக்கும்போது பாதியில் ஒரு பிடிப்பு, முழுதாகத் திறந்ததும் 'டக்' என்று ஒரு ஓசை. அந்த ஓசைக்காகவே கத்தி சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் வில்லின் விறைப்பு சரியாக அமைய மிகுந்த பழக்கம் வேண்டும். முன்பு செய்து பழகியவரிடம் மட்டுமே இதைக் கேளுங்கள். பூட்டு வைத்த நவீன வகைகளைத் தொழிற்சாலைகளுக்கு விட்டுவிடலாம்.

அளவு விஷயத்தில் என் அனுபவம்: பழம், பாக்கு, கயிறு, ஒட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் மூன்று அங்குல அலகு தாராளம். அதற்கு மேல் போனால் சட்டைப்பையில் உறுத்தும்.

வேலையைக் கண்ணால் பார்ப்பது

இரும்பிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலும் பழைய லாரிப் பட்டை, அதாவது லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில்பட்டைதான், மூலப்பொருள். அது கரிமம் சுமார் 0.6 சதவீதம் கொண்ட, வளைந்து மீளும் எஃகு. அரிவாளுக்கு அது அருமை. சின்ன அலகுக்கு நான் பேரிங் வளையத்து எஃகைக் கேட்பேன். அதில் கரிமம் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூர் நீண்ட நாள் நிற்கும். அடிக்கக் கடினம், சூடு கூடினால் வெடிக்கும், அதனால் கொல்லர் முகம் சுளித்தால் வற்புறுத்த வேண்டாம். நல்ல கை அடித்த லாரிப் பட்டை, அவசரக் கை அடித்த பேரிங் எஃகைவிட மேலானது.

எஃகு இந்த வழிக்குப் புதிய சரக்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் முசிறித் துறைமுகத்திலிருந்து கொங்கு நாட்டுக்குப் பழைய வணிகப் பெருவழி போயிற்று. அந்த வழியில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மூசையில் (உருக்கும் மண்குடுவையில்) உருக்கிய தென்னிந்திய எஃகு கடல் கடந்து போய் மேற்காசியாவில் புகழ்பெற்ற வாள்களானது. அந்த எஃகின் இரகசியத்தை அறிய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் சோதனைகள் செய்தார்கள். பட்டறை வாசலில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால், துருத்திச் சத்தத்துக்குக் கூடுதல் கனம் வந்துவிடுகிறது.

உலையில் சிரட்டைக்கரியோ மரக்கரியோ எரியும். காற்றுக்கு இப்போது பெரும்பாலும் மின்விசிறி ஊதி. துண்டு செம்மஞ்சளாகக் கனிந்ததும் குறட்டால் எடுத்து நீட்டி அடிப்பார்கள். முதலில் நீளம், பிறகு கூர்ப் பக்கத்தை மெல்லிதாக்கும் சரிவு, கடைசியில் வால். சரிவு அடிக்கும்போது அலகு வாழைக்காய் மாதிரி முதுகுப் பக்கமாக வளையும். அதை எதிர்பார்த்து முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டு அடிப்பவர் தொழில் தெரிந்தவர் என்று அறிந்துகொள்ளுங்கள். இருள்சிவப்புக்கு வந்த பிறகும் அடித்துக்கொண்டே இருப்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஆறிய இரும்பில் விழும் அடி உள்ளே மயிரிழை விரிசல் விடும்.

அடுத்து ஆணிக்கான துளை. எஃகு இளக்கமாக இருக்கும்போதே இதைப் போட்டுவிட வேண்டும். தோய்ச்சல் வைத்த பிறகு, அதாவது காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி இறுக்கிய பிறகு, துளைக்கருவி இறங்காது. துளையின் உள்சுவர் வழவழப்பாகவும் அலகுக்கு நேர்செங்குத்தாகவும் இருக்க வேண்டும். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் மூடும்போது அலகு பிடியின் ஒரு பக்கத்தை உரசும். பிறகு எந்தச் சுத்தியலாலும் அதைத் திருத்த முடியாது. துளை போடுவதை அருகில் நின்று பாருங்கள். இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தோய்ச்சல்தான் பட்டறையின் நாடகமான நேரம். அலகைச் சீராகச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துவார்கள். எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. காந்தம் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சூடேற்றி அமிழ்த்தினால் எஃகு இறுகும். மூத்தவர்கள் காந்தமில்லாமல் நிறத்தை வைத்தே சொல்வார்கள். அதற்காகத்தான் உலை இருக்கும் இடத்தை இருட்டாக வைத்திருக்கிறார்கள். ஆறிய அலகில் அரத்தை இழுத்தால் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்க வேண்டும். அரம் கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை.

அந்த நிலையில் அலகு கல்லைப்போல் கடினம், ஆனால் கீழே விழுந்தால் உடையும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டி இளக்குவார்கள். பளிச்சென்று தேய்த்த எஃகின் மேல் நிறங்கள் ஓடுவதைப் பார்க்கலாம். சுமார் 205 டிகிரியில் இளவைக்கோல் நிறம், 260 வாக்கில் பழுப்பு, 300ஐ ஒட்டி நீலம். கூர் நிற்க வேண்டிய அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். வளைந்து மீள வேண்டிய வில் நீலம் வரை போகலாம். அலகில் நீலம் ஏறிவிட்டது என்றால் மறுபடி தோய்ச்சலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நல்ல கொல்லர் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதை உலைக்குள் போட்டிருப்பார்.

பிடிக்கு இந்தப் பகுதியில் நிறையத் தேர்வு உண்டு. வைரம் பாய்ந்த பனை மரத்தில் கருப்பு வரிகள் ஓடும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் நார் பிரிந்து கையில் ஏறாமல் இருக்க நன்றாகத் தேய்த்து எண்ணெய் ஏற்ற வேண்டும். கருவேலமும் புளியும் உறுதியானவை. எருமைக் கொம்பு அழகு, ஆனால் கோடையில் சுருங்கும். மான் கொம்போ தந்தமோ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இப்போது ஆணி. பித்தளைக் கம்பியை வெட்டித் துளையில் செருகி, இருபுறமும் சின்ன வளையத் தகடு போட்டு, சிறு சுத்தியலால் தலையைத் தட்டித் தட்டிப் பரப்புவார்கள். அலகுக்கும் பிடிக்கும் இடையே எண்ணெய் தோய்த்த தாளை வைத்து அடித்துவிட்டு, பிறகு தாளை உருவி எடுக்கும் வழக்கமும் உண்டு. அந்த நூலளவு இடைவெளியில்தான் அலகு சுழலும். இரண்டு தட்டு, ஒருமுறை திறந்து மூடல். மறுபடி இரண்டு தட்டு, மறுபடி திறந்து மூடல். கூடுதலாக ஒரு அடி விழுந்தால் கத்தி திறக்காது. ஒரு அடி குறைந்தால் பையிலேயே திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் கொல்லர் ஆணியைப் பார்ப்பதில்லை. அலகு நகரும்போது கையில் உணரும் இழுவையைக் கவனித்துக்கொண்டிருப்பார். பட்டறைக்குப் போனதன் முழுப்பயனும் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கையில் வாங்கிச் சோதிப்பது

மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முனை பிடிக்குள் முழுதாகப் புதைந்திருக்க வேண்டும், அலகு நடுவில் படுத்திருக்க வேண்டும். திறந்து, முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு மேலும் கீழும். புதுக் கத்தியில் எந்தப் பக்கமும் ஆட்டம் கூடாது. ஆணித்தலை மேல் விரலை ஓட்டினால் கூர்மையாக எதுவும் தட்டுப்படக் கூடாது. கத்தியை மூடிய நிலையில் தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு தானாக இறங்கக் கூடாது. கடைசியாக ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். கூரில் சிறு குறை இருந்தால் கவலைப்பட வேண்டாம், வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

விலையை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு பேரம் பேசாதீர்கள். ஒரு மடக்குக் கத்திக்குப் போகும் நேரத்தில் அவர் பல அரிவாள்களைத் தீட்டிக் கூலி பார்த்திருப்பார்.

சட்டமும் பயணமும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசும் மூன்று அங்குலக் கத்தி இந்த அளவுக்கு மிகவும் கீழே. இருந்தாலும் திருவிழாக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். பித்தானை அழுத்தினால் தெறித்துத் திறக்கும் வகையை வாங்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஆர்வம் முற்றியவர்களுக்குத் தொலைதூர ஊர்கள்

பட்டறை ஆர்வம் பிடித்துக்கொண்டால் உலகத்தில் போய்ப் பார்க்க ஊர்கள் உண்டு. பிரான்சின் தியேர், துரோல் ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாகக் கத்தி செய்யும் ஊர். அங்கே சாணை பிடிப்பவர்கள் ஆற்று நீரால் சுழலும் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தார்கள். குளிருக்கு அவர்களின் கால்மேல் நாய் படுத்திருக்கும். அதே நாட்டில் லாகியோல் கிராமத்தில் 1987இல் தொடங்கிய தொழிற்கூடத்தின் கூரையில் 18 மீட்டர் உயர அலகு ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. உள்ளே வேலை நடப்பதைப் பார்வையாளர்கள் பார்க்கலாம். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி, நம் ஊர்ப் பட்டறைக் கத்திக்கு நெருங்கிய உறவு. அதில் அலகைப் பூட்டும் சுழல்வளையம் 1955இல்தான் வந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் சட்டப்படி நிறுவப்பட்டது. அந்த ஊரின் ஸ்டான் ஷா, 2021இல் மறையும் வரை மடக்குக் கத்தி செய்வோர் எல்லோரும் தலைவணங்கிய கை. சிறுவயதில் தொழிலுக்கு வந்து 90 வயதைத் தாண்டியவர். ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி கத்தி, மேலே நான் சொன்ன வால் வைத்த எளிய வகைதான். மடித்த உலோகத் தகடே பிடி. அந்தக் கத்தியின் படம் ஒன்றை நம் ஊர்க் கொல்லரிடம் காட்டுங்கள், ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். நம் நாட்டில் என்றால் உத்தரப் பிரதேசத்து ராம்பூர்.

வீட்டில் பேணுவது

கரிம எஃகு துருப்பிடிக்கும். மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் கருக்கும். கருப்புப் படலம் கெடுதல் இல்லை, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். அது இருக்கும் இடத்தில் செந்துரு எளிதில் ஏறாது. செந்துரு கண்டால் மட்டும் சாம்பலால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பயன்படுத்தியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, திறந்தபடி சிறிது நேரம் காயவைத்து மூடுங்கள். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து ஆணியைப் பிடிக்கும். ஆணிக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி. உணவு படும் இடத்தில் அது வழியாதபடி துடைத்துவிடுங்கள். பலாப்பழம் வெட்டும் முன் அலகில் எண்ணெய் தடவாவிட்டால் பிசின் மூட்டுக்குள் இறங்கி ஒருநாள் வேலை வைக்கும்.

தீட்டும்போது அலகைக் கல்லின்மேல் 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். கல் கிடைக்காத இடத்தில் பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிவளையம் அவசரத்துக்கு உதவும். மின் சாணையில் கொடுக்காதீர்கள். மெல்லிய கூர் நொடியில் நீலம் பாய்ந்து தோய்ச்சலை இழந்துவிடும்.

நாள்பட ஆணி தளரும். பசை ஊற்றுவதோ வீட்டுச் சுத்தியலால் ஓங்கித் தட்டுவதோ வேண்டாம். பிடி பிளந்துவிடும். செய்தவரிடமே எடுத்துப் போனால் பட்டடை ஓரத்தில் ஆணித்தலையை வைத்து இரண்டு தட்டில் சரிசெய்து தருவார். ஆணி தேய்ந்து துளையும் அகன்றுவிட்டது என்றால் பழைய ஆணியை எடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிய பித்தளைக் கம்பி போடச் சொல்லுங்கள். பிடியிலும் அதே அளவுக்குத் துளையை அகட்ட வேண்டியிருக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.